பாலியல் வன்முறைக்குப் பிறகு, கூட இருப்பவர்கள் செய்துவிடும் தவறுகள்

வன்முறைக்கு ஆளான பெண் என்ன தவறு செய்தார் என்று கேட்க நம் ஊரில் ஆள் பஞ்சமே இல்லை. இங்கே நான் எழுதுவது அம்மாவாக, அக்காவாக, கணவராக, தோழியாகப் பக்கத்தில் இருக்கும் நாம் செய்துவிடும் தவறுகளைப் பற்றி.

"போய்க் குளிச்சிட்டு வா, எல்லாத்தையும் மறந்துடு." பாசத்தில் வரும் பேச்சுதான். ஆனால் அந்தத் தண்ணீரோடு தடயமும் போய்விடும். அன்று உடுத்திய துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள்; பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். ஏற்கெனவே குளித்துவிட்டாரா? சரி, அதற்காக மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அரசு மருத்துவமனையோ தனியாரோ, முதலுதவியையும் சிகிச்சையையும் இலவசமாகத் தர வேண்டும். மறுப்பது குற்றம். பரிசோதனைக்கு அவருடைய சம்மதம் வேண்டும். பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் 'இரு விரல் சோதனை'யைச் செய்யவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

"சம்பவம் எங்க லிமிட்ல நடக்கலையே" என்று ஸ்டேஷனில் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். எந்தக் காவல் நிலையத்திலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர்., அதாவது எல்லை பார்க்காமல் பதியும் முதல் தகவல் அறிக்கை, போடலாம். பாலியல் வன்கொடுமைப் புகாரைப் பதிய மறுக்கும் காவலருக்குச் சிறைத் தண்டனை உண்டு. நாள் கடந்துவிட்டதே என்றும் விட்டுவிட வேண்டாம். தாமதம் என்ற ஒரே காரணத்துக்காகப் புகாரைச் சந்தேகிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லியிருக்கிறது.

பெயரை வெளியே விடுவது பெரிய தவறு. பெண்களை வன்கொடுமை செய்து வீடியோ எடுத்து மிரட்டிய பொள்ளாச்சி வழக்கில் 2019-இல் புகார் கொடுத்த பெண்ணின் பெயர் அதிகாரிகள் வழியாகவே வெளிவந்தது. சென்னை அண்ணா பல்கலைக்கழக மாணவி வன்கொடுமைக்கு ஆளான வழக்கில் 2024-இல் எஃப்.ஐ.ஆரே இணையத்தில் கசிந்தது. இரண்டிலும் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் நாம் போடும் ஒரு வரியும் இதே வேலையைத்தான் செய்யும்.

அப்புறம், "பேசி முடிச்சுக்கலாம்" என்று வருகிற பெரிய மனிதர்கள். வன்முறை செய்தவனுக்கே கட்டிவைத்துவிடலாம் என்பார்கள். இதில் சமரசத்துக்கே இடமில்லை என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பொள்ளாச்சி வழக்கில் சாட்சி சொன்ன யாரும் பேச்சை மாற்றிப் பிறழவில்லை. 2025 மே 13 அன்று குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை, எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று தீர்ப்பு வந்தது. அந்த ஆறு வருடமும் அந்தப் பெண்கள் எதையெல்லாம் தாங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

வீட்டுக்குள்ளே நடக்கும் தவறு, "நீ ஏன் கத்தல?" என்று கேட்பது. பயத்தில் உடம்பு உறைந்துபோகும், குரல் எழும்பாது. அது சம்மதம் ஆகாது. ஒருநாள் சிரிப்பார், மறுநாள் அறைக்கதவைச் சாத்திக்கொள்வார். இரண்டுமே இயல்புதான். நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். புகார் கொடுப்பதா, எப்போது, யாரிடம் பேசுவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். ஆனால் அவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் காவல்துறைக்குத் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம்.

பெண்கள் உதவி எண் 181-ஐ அழைத்தால் மனநல ஆலோசனைக்கும் சட்ட உதவிக்கும் வழி சொல்வார்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வக்கீல் இலவசம். கோர்ட்டுக்குப் போகும் நாளில் அவரைத் தனியாக அனுப்பாதீர்கள்.