லினக்ஸில் பாட்டுத் தயாரிக்க வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதன்பிறகு காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்தில் வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்யும் பிள்ளைகள் பலர் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் பக்கம் வந்திருக்கிறார்கள். விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாத பழைய லேப்டாப், ஒரு மைக், மைக்கின் ஒலியைக் கணினிக்குக் கொண்டுசெல்லும் பெட்டியான ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், முதலீடு இவ்வளவுதான். காவடிப் பாட்டு, மாரியம்மன் பாட்டு, கல்யாண வீடியோவுக்குப் பின்னணி இசை என்று வேலைக்குக் குறைவில்லை. இவர்கள் வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் எங்கள் தலைமுறை இடறிய அதே கல்லில் இவர்களும் இடறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

காப்புப் பிரதி எடுங்கள், கேபிளைச் சரிபாருங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரிந்தவை.

பழைய வீடியோவைப் பார்த்து ஜேக் நிறுவுவது

லினக்ஸில் ஒலிப்பதிவு என்று தேடினால் கிடைப்பவற்றில் பாதி, பல வருடங்களுக்கு முந்தைய பாடங்கள். மென்பொருள்களுக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவே ஒலியைக் கடத்தும் ஜேக் சர்வர் என்ற நிரலைத் தனியாக நிறுவு என்றுதான் அவை தொடங்கும். அன்றைக்கு அது சரி. ஃபெடோரா என்ற லினக்ஸ் விநியோகத்தின் 34 பதிப்பில், 2021-லேயே, பைப்வயர் என்ற புதிய நிரல் இயல்பான ஒலி அமைப்பாகிவிட்டது; இன்னொரு விநியோகமான உபுண்டு 22.10-இல் அதற்கு மாறியது. ஜேக்கை எதிர்பார்த்து எழுதப்பட்ட மென்பொருள்களுக்கும் பைப்வயரே ஈடுகொடுக்கும். அது ஓடிக்கொண்டிருக்கும்போது ஜேக்கையும் தனியாகக் கிளப்பினால் இரண்டும் ஒரே இன்டர்ஃபேஸுக்குப் போட்டியிடும். ஒன்றுக்குக் கிடைத்தால் மற்றொன்று ஊமையாகிவிடும். இன்டர்ஃபேஸ் பழுதென்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவரைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெட்டியில் ஒரு குறையும் இல்லை.

நிகழ்நேரக் கெர்னல் தேடி அலைவது

வேண்டாம். கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையக் கரு; ஒலி போன்ற அவசர வேலைகளைத் தாமதமில்லாமல் கவனிப்பது நிகழ்நேரக் கெர்னல். 2024 நவம்பரில் வெளியான லினக்ஸ் 6.12-இல் அந்த வசதி மூலக் கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. வீட்டில் பாட்டுப் பதிவு செய்ய, உங்கள் உபுண்டுவோடு வரும் கெர்னலே போதும்.

ஃபிளாட்பேக் பதிப்பை நிறுவிவிட்டுப் பிளகின்களைத் தேடுவது

ஃபிளாட்பேக் என்ற பொதி வடிவில் வரும் மென்பொருள் தனி அறைக்குள் ஓடுவது. கணினியின் பொது இடத்தில் நீங்கள் நிறுவிய பிளகின்கள், அதாவது ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் சேர்த்துக்கொள்ளும் கருவி, விளைவு நிரல்கள், அதன் கண்ணுக்குத் தெரியாது. நிறுவியிருக்கிறேன், பட்டியலில் வரவில்லை என்று புலம்புகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, மென்பொருளை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதுதான். தயாரிப்பாளரின் தளத்திலிருந்தோ உங்கள் லினக்ஸ் விநியோகத்தின் களஞ்சியத்திலிருந்தோ எடுத்து நிறுவுங்கள்.

எல்லா இரைச்சலுக்கும் லினக்ஸைக் குறை சொல்வது

படபடவென்று வெடிப்பது வேறு, 'ம்ம்ம்' என்று அடியில் ஓடும் ரீங்காரம் வேறு. வெடிப்பு கணினியின் பிரச்சினை: பஃபரை, அதாவது கணினி ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொள்ளும் ஒலியின் அளவை, கூட்டுங்கள், உங்கள் கணக்கு 'ஆடியோ' குழுவில் இருக்கிறதா என்று பாருங்கள். ரீங்காரம் பெரும்பாலும் மின்சாரத்தின் பிரச்சினை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பதிவு ஓடும்போதே லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். ரீங்காரம் அந்த நொடியே நின்றால், இயங்குதளத்தை மாற்றி மாற்றி நிறுவுவதில் பயனில்லை. நம் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில், பிளக் பாயிண்டில் மூன்று துளை இருந்தாலும் எர்த் வயர் வந்து சேர்ந்திருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அதுவரை, பாடகர் பாடும் நேரத்தில் பேட்டரியிலேயே ஓட்டுங்கள்.

பாலத்தின் மேல் குடித்தனம் நடத்துவது

என்னை இன்றும் எரிச்சல்படுத்தும் தவறு இது. பணத்தையும் பெயரையும் சேர்த்து விழுங்குவதும் இதுதான்.

விண்டோஸுக்கு மட்டும் விற்கப்படும் பிளகின்களை லினக்ஸில் ஓட்ட வழி உண்டு. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் இயக்கும் அடுக்கு, வைன். அதன்மேல் யாபிரிட்ஜ் என்றொரு பாலம். ரீப்பர், ஆர்டோர் போன்ற ஒலிப்பதிவு மென்பொருள்கள் பாலத்தின் இந்தக் கரையைச் சொந்தப் பிளகினாக எண்ணி ஏற்றிக்கொள்ளும். அசல் பிளகின் மறுகரையில், வைனுக்குள், தனி நிரலாக ஓடும். ஒலியும் ஸ்வரக் கட்டளைகளும் நீங்கள் திருப்பும் ஒவ்வொரு குமிழின் அளவும் இடைவிடாமல் இரண்டுக்கும் நடுவே போய்வந்துகொண்டிருக்கும். இதை எழுதியவர்களின் உழைப்புக்குத் தலைவணங்குகிறேன். ஒழுங்காக ஓடும்போது பாலம் இருப்பதே தெரியாது. ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது.

தேவகோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் தைப்பூசத்துக்குக் காவடிப் பாடல் தொகுப்பு ஒன்றைத் தயாரித்தார். நகரத்தார் காவடி குன்றக்குடி வழியாகப் பழநிக்கு நடந்து போகும்போது வழிநெடுக ஒலிக்க வேண்டிய பாட்டுகள். நடை கிளம்பும் முன் கைக்கு வந்தாக வேண்டும். தைப்பூசம் யாருக்காகவும் தள்ளிப்போகாது. பாடல்கள் நன்றாக வந்திருந்தன. புல்லாங்குழலும் வயலின் கூட்டமும், தள்ளுபடி விலையில் அவர் வாங்கிய விண்டோஸ் ஒலித்தொகுப்பிலிருந்து பாலம் வழியாக வந்தன. கலவை வேலை மட்டும் பாக்கி. அந்த வாரத்தில் ஓர் இரவு, கணினி கேட்டதென்று எல்லா அப்டேட்டுக்கும் சம்மதம் கொடுத்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார்.

மறுநாள் காலையில் போன். "அண்ணே, பாட்டுத் திறக்கிறது. புல்லாங்குழல் மட்டும் வரவில்லை."

நேரில் போய்ப் பார்த்தேன். திரையில் புல்லாங்குழல் ட்ராக் இருந்தது; ஸ்வரக் கட்டைகள் ஒன்றுகூடக் குறையவில்லை. பிளகின் இருந்த இடத்தில் பெயர் மட்டும் மங்கலாக நின்றது. அப்டேட்டோடு வைனும் புதிதாகியிருந்தது. பாலம் மறுகரையைத் தொடவில்லை. இது எங்கேயோ ஒருவருக்கு நடந்த விபத்து அல்ல. வைன் 9.22 வந்தபோதுகூட, யாபிரிட்ஜ் வழியாகத் திறந்த பிளகின் சாளரங்களில் சுட்டி ஓரிடத்தில் நிற்க, அழுத்தம் வேறோர் இடத்தில் போய் விழுந்தது. பலர் 9.21-க்கே திரும்பிப் போனார்கள்.

பழைய வைனுக்குத் திரும்பியிருந்தால் அவரும் தப்பித்திருக்கலாம். ஆனால் நான் போவதற்குள் பதற்றத்தில் வைன் கோப்புறையை அழித்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி நிறுவியிருந்தார். உரிமம் சரிபார்க்கும் நிரலுக்கு அது புதிய கணினி. முன்பும் இப்படியே அழித்து அழித்து நிறுவியதில், அனுமதிக்கப்பட்ட கணினிகளின் எண்ணிக்கை முடிந்துபோயிருந்தது. நிறுவனத்துக்கு எழுதினார். லினக்ஸில் பயன்படுத்துவதை நாங்கள் ஆதரிப்பதில்லை என்று பதில் வந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. விற்கும்போதே அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். நண்பரின் விண்டோஸ் கணினியைக் கடன் வாங்கினாலும் அதே உரிமச் சிக்கல். பாட்டுகள் முடிந்து கைக்கு வந்தபோது காவடி பழநி போய்ச் சேர்ந்திருந்தது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த வருடம் அந்த வேலை வேறு ஊருக்குப் போனது.

அந்த ட்ராக்கை வாசித்த அன்றே வேவ் என்ற சாதாரண ஒலிக் கோப்பாக மாற்றி வைத்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. ஒரே ஒரு கட்டளை. ரீப்பரிலும் உண்டு, ஆர்டோரிலும் உண்டு. பாலம் வழியாக வரும் எந்த ஒலியையும் அன்றைக்கே வேவ் கோப்பாக்குங்கள். வைன் பதிப்பைப் பூட்டி வையுங்கள். உபுண்டுவில் ஒரு பொதியை மட்டும் அப்டேட்டிலிருந்து விலக்கி நிறுத்த முடியும். பாட்டின் உயிராக இருக்கும் கருவியைப் பாலத்தில் வைக்காதீர்கள். ஓரமாக எங்கோ ஒலிக்கும் ஒரு சின்ன அலங்காரத்துக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் இன்னொரு கேடும் இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. விண்டோஸ் பிளகினைக் காசு கொடுத்து வாங்கி வைனில் ஓட்டும் ஒவ்வொருவரும், விற்றவரின் கணக்கில் விண்டோஸ் வாடிக்கையாளராகத்தான் பதிவாகிறார். லினக்ஸ் பதிப்பு கொண்டு வரலாமா என்று நிறுவனம் யோசிக்கும்போது, அந்தக் கணக்கில் நாம் யாருமே இல்லை. லினக்ஸுக்கென்றே விற்பவர்கள் இருக்கும்போது இப்படிச் செய்வது கூடுதல் வருத்தம். பிட்விக் என்ற ஒலிப்பதிவு மென்பொருள் 2014-இல் முதல் பதிப்பிலிருந்தே லினக்ஸுக்கு வருகிறது. ரீப்பர், ரெனாய்ஸ், வேவ்ஃபார்ம், பியானோ ஒலிக்குப் பியானோடெக் எல்லாம் நேரடியாகவே ஓடுகின்றன. ஸ்டூடியோ ஒன் 6.5, 2023-இல் லினக்ஸுக்குச் சோதனைப் பதிப்பு வெளியிட்டது. பால் டேவிஸ் தொடங்கிய ஆர்டோர், மூலநிரலோடு இருபது வருடங்களுக்கு மேலாக நம் கையில் இருக்கிறது. முதலில் இவர்களிடம் வாங்குங்கள்.

திருவிழா வாரத்தில் அப்டேட் செய்வது

செய்யாதீர்கள்.

பஃபரை எப்போதும் குறைத்தே வைத்திருப்பது

நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள் என்ற வேகத்தில், 128 மாதிரி பஃபர் என்றால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.7 மில்லிசெகண்ட். காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்க ஆகும் நேரமும் கிட்டத்தட்ட அதுதான். தவிலுக்கு இரண்டு மீட்டர் தள்ளி நின்று வாசிக்கும் நாகஸ்வரக் கலைஞர் அதைவிட அதிகத் தாமதத்தோடுதான் தவிலைக் கேட்கிறார், தாளம் பிசகுவதில்லை. ஆகவே 64-க்கும் 32-க்கும் இறங்கிக் கணினியை வதைக்க வேண்டாம். பாடும்போது 128 அல்லது 256. கலவைக்கு உட்கார்ந்தால் 1024.

வளவு இருக்க எதிரொலிக்குப் பணம் கொடுப்பது

பாலம் வழியாக ஓட்டவென்று பிள்ளைகள் வாங்குவதில் பெரும்பகுதி எதிரொலிப் பிளகின்கள்தான். ஐரோப்பாவின் தேவாலயம், கச்சேரி அரங்கம் என்று படம் போட்டு விற்கிறார்கள். கானாடுகாத்தானிலோ கோட்டையூரிலோ ஒரு பெரிய செட்டிநாட்டு வீட்டின் வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கூடத்தில், நின்று கைதட்டிப் பாருங்கள். ஆத்தங்குடித் தரை, மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர், மரத்தூண்கள், நடுவில் திறந்த முற்றம். ஒலி சுவருக்குச் சுவர் மோதி, முற்றம் வழியே கொஞ்சம் வெளியேறி, மிச்சம் மெல்லத் தணிவதைக் காதால் பின்தொடரலாம்.

அதை அப்படியே பிடித்துக் கொண்டு வரலாம். வீட்டுக்காரர்களிடம் அனுமதி கேளுங்கள். வளவின் ஒரு மூலையில் மைக்கை வைத்து, எதிர் மூலையில் ஒரு பெரிய பலூனை உடையுங்கள். கணினியில் வெடிப்புக்கு முந்தைய அமைதியை வெட்டிவிட்டு, சத்தம் முழுவதும் அடங்கும்வரை வைத்துக்கொள்ளுங்கள். எல்எஸ்பி தொகுப்பில் இம்பல்ஸ் ரிவெர்ப் என்ற பிளகின் இலவசம். லினக்ஸில் நேரடியாக ஓடும். அந்தக் கோப்பை அதில் ஏற்றினால், உங்கள் அறையில் பாடிய குரல் வளவில் பாடியதுபோல் கேட்கும். குழந்தைகள், பறவைகள், மிக்ஸி ஓசை இல்லாத மதிய நேரமாகப் பார்த்துப் போங்கள். மின்விசிறியை நிறுத்தச் சொல்ல மறக்காதீர்கள்.

கமகத்தைச் சாம்பிளில் தேடுவது

நம் கருவிகளுக்கான நல்ல ஒலித்தொகுப்புகள் பல, பதிந்த ஒலிகளை (சாம்பிள்களை) வாசிக்கும், லினக்ஸ் பதிப்பே இல்லாத கான்டாக்ட் என்ற நிரலின் வடிவத்தில்தான் கிடைக்கின்றன. அது உண்மையான குறை; மறைக்க விரும்பவில்லை. ஆனால் நாகஸ்வரத்தின் கமகம் அந்தத் தொகுப்புகளிலும் முழுமையாக வருவதில்லை. உள்ளூர்க் கலைஞருக்கு உரிய சம்பளம் கொடுத்து நான்கு வரி வாசிக்கச் சொல்லுங்கள். தாளத்துக்கு வேண்டிய தனித்தனிச் சொற்கட்டுகளை அவரவர் அனுமதியோடு பதிந்து, எஸ்எஃப்இசட் என்ற ஒலித்தொகுப்பு வடிவில் அடுக்கி, அதைத் திறக்கும் எஸ்ஃபிஸ் பிளகினில் வாசிக்கலாம்.

கேட்கத் தெரியாமல் கேட்பது

"லினக்ஸுக்கு எப்போது?" என்று ஒரு வரி எழுதினால் எந்த நிறுவனமும் அசையாது. வசைபாடினால் இருக்கும் அனுதாபமும் போய்விடும். அவர்கள் பக்கத்துச் சிரமத்தைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். விஎஸ்டி3, கிளாப் என்ற இரண்டு பிளகின் வடிவங்களுமே லினக்ஸில் இயங்குபவை. பிளகின் எழுதுபவர்கள் பலர் பயன்படுத்தும் ஜூஸ் என்ற கட்டமைப்பும் லினக்ஸுக்கு உருவாக்கித் தரும். ஆகவே பல பிளகின்களுக்கு ஒலி எஞ்சின் பெரிய தடையல்ல. தடை பெரும்பாலும் திருட்டுத் தடுப்புப் பூட்டிலும், எத்தனையோ லினக்ஸ் விநியோகங்களுக்கு யார் பதில் சொல்வது என்ற அச்சத்திலும் இருக்கிறது. ஐலாக் என்ற திருட்டுத் தடுப்புப் பூட்டுக்கு லினக்ஸ் பதிப்பே கிடையாது.

கடிதத்தில் இவற்றைச் சொல்லுங்கள்: நான் பயன்படுத்தும் விநியோகம் இது, மென்பொருள் இது, ஒரே ஒரு உபுண்டு நீண்டகாலப் பதிப்பில் சோதித்துத் தந்தால் போதும், அதிகாரபூர்வ ஆதரவு இல்லாத சோதனைப் பதிப்பாக இருந்தாலும் முழு விலை கொடுத்து வாங்குவேன், இணையம் இல்லாமல் வரிசை எண்ணால் திறக்கும் பூட்டு இருந்தால் நல்லது. ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, விவரம் தடுமாறக் கூடாது. சோதனைப் பதிப்பு அனுப்பினார்களென்றால் கிடப்பில் போடாதீர்கள். அந்த வாரமே ஒரு முழுப் பாட்டில் ஓட்டிப் பார்த்து, எந்தக் கெர்னல், எந்தப் பதிப்பு, எந்த பஃபர், எந்தக் குமிழைத் திருப்பியபோது நின்றது என்று எழுதிப் பதில் அனுப்புங்கள். விற்பனைக்கு வந்ததும் முதல் வாரத்திலேயே, வாங்கும் பக்கத்தில் லினக்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து வாங்குங்கள்.