மெஷினோடு ஆயில் கலந்த பெட்ரோலையும் கொடுங்கள்

புல்வெட்டும் மெஷினை அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு வாடகைக்கு விடும்போது, பெட்ரோலில் நீங்களே ஆயிலைக் கலந்து கேனில் கொடுத்துவிடுங்கள். அதற்கான பணத்தை வாடகையோடு வாங்கிக்கொள்ளலாம். புல்வெட்டும் மெஷினின் டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்குத் தனி ஆயில் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு போகும் ஆயில்தான் பிஸ்டனைக் காக்கிறது. வெறும் பெட்ரோலில் ஓட்டினால் பிஸ்டன் கீறி, இறுகிப் பிடித்துக்கொள்ளும். (என்னுடையது அப்படித்தான் போனது. வாங்கிப்போனவர் நல்ல மனிதர், அவசரக்காரர்.) கையேட்டில் 50:1 என்றிருந்தால் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில், 25:1 என்றால் 40. மிச்சமாகித் திரும்பும் கலவையை மாதக்கணக்கில் வைத்திருக்காதீர்கள். இப்போதைய பெட்ரோலில் உள்ள எத்தனால், கோத்தகிரி மூடுபனியில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆயிலைத் தனியாக ஊற்றும் ஃபோர் ஸ்ட்ரோக் மெஷினுக்கு இது பொருந்தாது. பேட்டரியில் ஓடுவதற்கு இந்தத் தொல்லையே இல்லை.