தொனி மொழிக்கு எழுத்து வரைவது எப்படி

சொந்தமாக ஒரு மொழி உருவாக்கி, அதில் தொனியும், அதாவது குரல் ஏறுவதையும் இறங்குவதையும் வைத்தே சொல்லின் பொருள் மாறுவதும், வைத்திருக்கிறீர்கள் என்றால், பேனாவை எடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இதுவரை சேர்த்த சொற்களை, ஒரு முந்நூறாவது இருக்கட்டும், தொனியை நீக்கிவிட்டு வரிசையாக எழுதுங்கள். எத்தனை சொற்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன என்று எண்ணுங்கள். பத்துப் பதினைந்துதான் என்றால் தொனியை எழுத்தில் காட்டாமலே விடலாம், படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார். நாமே ‘க’ என்ற ஒரே எழுத்தைக் கடலில் ஒரு மாதிரி, தங்கத்தில் வேறு மாதிரி, அகலில் இன்னொரு மாதிரி படித்துக்கொண்டு சிரமமே இல்லாமல் இருக்கிறோம். நூறு சொற்கள் முட்டினால் கதை வேறு.

தமிழில் ‘சரி’ என்பதை ஏற்றிச் சொன்னால் கேள்வி, இழுத்துச் சொன்னால் சலிப்பு. சொல் என்னவோ அதேதான். நைஜீரியாவில் பேசும் யொருபாவில் அப்படி இல்லை. ‘ஒக்கொ’ போல ஒலிக்கும் ஒரே சொல், தொனியை வைத்துக் கணவன், மண்வெட்டி, வண்டி, ஈட்டி என்று நான்கு சொல்லாகிவிடும். உங்கள் மொழியும் இப்படி என்றால் தொனியை எழுதியே ஆகவேண்டும். எங்கே எழுதுவது என்பதுதான் மிச்சக் கேள்வி, என்னைக் கேட்டால் மொத்த வேலையும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது எழுத்துக்கு மேலே ஒரு குறி. சீன மொழியை ரோமன் எழுத்தில் எழுத 1958இல் சீனா ஏற்றுக்கொண்ட பின்யின் அப்படித்தான், வியட்நாமிய எழுத்தும் அப்படித்தான். என் மொழியில் தொனி மூன்று: மேல், கீழ், சரிவு. நானும் மேலே புள்ளிகள் வைத்துத்தான் தொடங்கினேன், ஒரு மாதம் அந்த எழுத்தில் நாட்குறிப்பும் எழுதினேன். கொஞ்ச நாள் கழித்துத் திரும்பப் படித்தபோது ஒரு வரியில் நின்றுவிட்டேன்: ‘முற்றத்தில் மே விழுந்தது’. மேல் தொனியில் மே என்றால் மழை, கீழ்த் தொனியில் சாம்பல், சரிவில் தங்கை. மூன்றும் முற்றத்தில் விழக்கூடியவை! அவசரத்தில் புள்ளியை விட்டிருக்கிறேன், அந்த வரியில் விழுந்தது எது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இது நம் எழுத்திலேயே நடந்த விஷயம். தொல்காப்பியத்தின்படி குறில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் புள்ளி உண்டு, நெடிலுக்குக் கிடையாது. ஓலையில் எழுதியவர்கள், புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அதை விட்டுவிட்டார்கள். எரியும் ஏரியும் ஒன்றுபோல நின்றன. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் நெடிலின் வடிவத்தையே மாற்றிய பிறகு குழப்பம் தீர்ந்தது. தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும் குறியைக் கை விட்டுவிடும், எழுத்தின் உடம்போடு சேர்ந்ததை விடாது. உங்கள் தொனி அதிகம் வேலை செய்கிறது என்றால் அதை உடம்புக்குள் கொண்டுபோங்கள்.

தனிக்குறிக்கும் ஒரு நல்ல பக்கம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 1446இல் கொரிய மன்னர் செஜோங் தன் புதிய எழுத்தை வெளியிட்டபோது தொனிக்காக இடப்பக்கம் புள்ளிகள் வைத்தார்: உயர்ந்த தொனிக்கு ஒன்று, ஏறும் தொனிக்கு இரண்டு, தாழ்ந்ததற்கு எதுவும் இல்லை. பின்னால் பேச்சிலிருந்து தொனி மறைந்ததும் புள்ளிகளும் போயின, எழுத்துக்கு ஒரு சேதமும் இல்லை. உங்கள் கற்பனை நாட்டில் ஊருக்கு ஊர் தொனி மாறும் என்றால் தனிக்குறியே வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வைத்தால் அதிகம் வரும் தொனிக்குக் குறியே வைக்காதீர்கள். வியட்நாமியத்தில் ஆறு தொனி, ஐந்தே குறி.

இன்னொரு வழி, சும்மா கிடக்கும் எழுத்தைப் பிடித்துத் தொனிக்குக் கொடுப்பது. லாவோஸில் 1950களில் மோங் மொழிக்கு அமைத்த ரோமன் எழுத்தில் இதுதான் நடந்தது. அந்த மொழியில் அசையின் கடைசியில் மெய் வருவது மிகக் குறைவு, அதனால் அந்த இடம் காலி. மோங் என்ற பெயரையே அதில் எழுதினால் கடைசியில் ரோமன் ‘பி’ நிற்கும், யாரும் அதை உச்சரிப்பதில்லை. உயர்ந்த தொனி என்பதற்கான அடையாளம் அது. சாதாரண கீபோர்டிலேயே அடிக்கலாம் என்பது பெரிய வசதி.

தாய்லாந்து வழி எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் யோசித்துத்தான் எடுக்கவேண்டும். தாய் மொழியில் மூச்சு சேர்ந்த ‘க’வுக்கு ஒன்றுக்கு மேல் எழுத்து உண்டு. ஒன்றோடு நெடில் ஆகாரம் சேர்ந்தால் ஏறும் தொனி, பொருள் கால். இன்னொன்றோடு அதே ஆகாரம் சேர்ந்தால் சமத் தொனி, பொருள் சிக்கிக்கொள்வது. இந்த இரண்டும் ஒரு காலத்தில் வேறு வேறு ஒலிகள். ஒலி ஒன்றாகிவிட்டது, பழைய வேறுபாடு தொனியில் தங்கிவிட்டது, எழுத்து மட்டும் பழையபடியே நிற்கிறது. பஞ்சாபியிலும் இதே கதைதான்: குதிரையைக் குறிக்கும் சொல்லை மூச்சோடு வரும் ‘க’ வரிசை எழுத்தில்தான் எழுதுகிறார்கள், வாயில் வருவது சாதாரணக் ‘க’வும் தாழ்ந்த தொனியும். உங்கள் மொழிக்கு ஆயிரம் வருட வரலாறு எழுதியிருக்கிறீர்களா, இதைச் செய்யுங்கள், அவ்வளவு உயிரோட்டம் வேறு எதிலும் வராது. நாட்குறிப்பு எழுதத்தான் என்றால் வேண்டாம், ஒவ்வொரு அசைக்கும் கணக்குப் போடவேண்டியிருக்கும்.

நான் கடைசியில் எடுத்தது போலார்ட் வழி. சாமுவேல் போலார்ட் என்ற பாதிரியார் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்மேற்குச் சீனாவில் மியாவ் மக்களுக்கு ஓர் எழுத்து செய்தார். அதில் மெய் பெரிதாக இருக்கும், உயிர் சிறிதாக அதன் பக்கத்தில் வரும், அந்தச் சின்ன உயிர் மெய்க்கு மேலே இருக்கிறதா பக்கத்தில் கீழே இருக்கிறதா என்பதே தொனி. உயிரை எப்படியும் எழுதித்தான் ஆகவேண்டும், எங்கேயாவது வைத்துத்தான் ஆகவேண்டும், அதனால் தொனி விட்டுப்போகவே வழியில்லை.

இதை என் மொழிக்கு இப்படி மாற்றிக்கொண்டேன். ‘ம’ என்பது வாய் திறந்த பானை மாதிரி ஒரு வளைவு, ஏகாரம் ஒரு சின்னக் கொக்கி. கொக்கியைப் பானையின் வலது தோளில் மாட்டினால் மேல் தொனி, மழை. அடியில் மாட்டினால் கீழ், சாம்பல். தோளில் தொடங்கி வால் அடிவரை இறங்கினால் சரிவு, தங்கை. கொக்கியின் தலை எல்லாவற்றிலும் ஒன்றே, அதனால் ஏகாரத்தைக் கண் உடனே பிடிக்கிறது. ஒன்று கவனிக்க வேண்டும்: தோளுக்கும் அடிக்கும் நடுவில் போதிய தூரம் வேண்டும். என் ‘ர’ முதலில் குட்டையாக இருந்தது, வேகமாக எழுதினால் மேலும் கீழும் ஒரே இடத்தில் விழுந்தன. அதை உயரமாக்கினேன். எந்த மெய்யும் கொக்கியைப் போல இரண்டு பங்காவது உயரம் இருக்கட்டும்.

அப்புறம் புணர்ச்சி. சொற்கள் சேரும்போது தொனி மாறும் மொழி என்றால், மாறியதை எழுதுவதா பழையதையா? நாம் மரமும் கிளையும் சேர்ந்தால் மரக்கிளை என்று மாற்றித்தான் எழுதுகிறோம். சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் மூன்றாம் தொனி இரண்டு அடுத்தடுத்து வந்தால் முதலாவது இரண்டாம் தொனியாக ஒலிக்கும், ஆனால் பின்யினில் மூன்றாம் தொனிக்குறியே போடுகிறார்கள். தொனி விஷயத்தில் எனக்குச் சீன வழிதான் சரி என்று படுகிறது: சொல் எங்கே வந்தாலும் ஒரே முகம், அகராதியில் தேடுவதும் எளிது.

எழுத்துகள் முடிந்ததும் ஃபான்ட் செய்ய ஓடாதீர்கள். முட்டிக்கொள்ளும் சொற்களை வைத்தே இருபது வாக்கியங்கள் தயார்செய்து, போனில் உங்கள் குரலில் வேகமாகப் பதிவுசெய்து, அடுத்த நாள் அதைப் போட்டு நிறுத்தாமல் எழுதுங்கள். ஒரு வாரம் மூடி வையுங்கள். பிறகு எடுத்துச் சத்தமாகப் படித்து, பதிவோடு ஒப்பிடுங்கள். எந்த எழுத்தில் தடுமாறுகிறீர்களோ அதை மட்டும் திருத்தி இன்னொரு முறை. எனக்கு நான்கு சுற்று ஆனது, மூன்றாவதில்தான் அந்த ‘ர’ மாட்டியது. அதற்குப் பிறகு ஃபான்ட் செய்யலாம்: அதற்கான ஃபான்ட்ஃபோர்ஜ் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, யூனிகோடில் சொந்த எழுத்துக்கென்றே விட்டுவைத்த தனிப்பயன் பகுதியும் இருக்கிறது. உயிரையும் தொனியையும் தனித்தனியாக வைத்து நகர்த்தப் பார்க்காமல், ஒவ்வொரு சேர்க்கையையும் ஒரே வடிவமாக வரைந்துவிடுங்கள். ஐந்து உயிர், மூன்று தொனி, பதினைந்து வடிவம், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.