சிவப்பு லைற் எரிந்தால்: சூடானது என்ஜினா, பிழை சென்சரிலா?

கடந்த காலபோக அறுவடை நேரம். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் காடு. திடீரென்று மீற்றர் பலகையில் சிவப்புத் தெர்மாமீற்றர் லைற் எரிந்தது. நிறுத்திப் பொனற்றைத் திறந்தால் ஆவி இல்லை, கொதிக்கிற சத்தம் இல்லை. ஃபான் மட்டும் முழு வேகத்தில் இரைந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு கராஜில் "ஹெட் காஸ்கெற் போட்டுது, என்ஜினைக் கழற்ற வேணும்" என்றார்கள். (என்ஜினின் மேல்பகுதிதான் ஹெட். அதற்கும் அடிப்பகுதிக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு ஹெட் காஸ்கெற்.) உண்மையான பிழை, வெப்பச் சென்சரின் வயரை மாட்டும் ஒரு சின்னப் பிளக்கில் பிடித்திருந்த பச்சைக் களிம்பு. அதைக் கண்டுபிடித்த முறையைத்தான் எழுதுகிறேன். இதற்கு மெக்கானிக் வேலை தெரிந்திருக்கத் தேவையில்லை.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். பழைய வாகனங்களில் ஊசி மெல்ல மெல்ல ஏறுவதைக் கண்ணால் பார்ப்போம். இப்போது வரும் பல சின்னக் கார்களில் ஊசியே இல்லை. குளிராக இருந்தால் நீல லைற், மிஞ்சிச் சூடானால் சிவப்பு லைற், அவ்வளவுதான். என்ஜினில் உள்ள சென்சர் வெப்பத்தைக் காரின் கணினிக்குச் சொல்கிறது, கணினி நமக்கு முடிவை மட்டும் சொல்கிறது. நடுவில் ஒரு வயர் பழுதானாலும் லைற் எரியலாம்.

ஆனாலும் முதல் படி, லைற்றை நம்புவதுதான். "சென்சர் பிழையாக இருக்கும்" என்று ஓடாதீர்கள். இப்போதைய என்ஜின் ஹெட்கள் அலுமினியம். மிஞ்சிய சூட்டில் வளைந்துவிடும். ஏசியை நிறுத்தி, நிழலாகப் பார்த்து ஓரங்கட்டி, என்ஜினை அணையுங்கள். றேடியேற்றர் மூடியைத் தொடவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த கணமே பொங்கி முகத்தில் அடிக்கும். குறைந்தது அரை மணி நேரம் காத்திருந்து, கை வைத்துப் பார்க்கிற அளவுக்கு ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும். சில கார்களில் என்ஜின் நின்ற பிறகும் ஃபான் தானாகச் சுற்றும், கையை எட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, ஆறிய பிறகு கண்ணால் பார்ப்பது. கூலன்ட் நிற்கும் பிளாஸ்டிக் தாங்கியில் அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது, றேடியேற்றரின் வாய்வரை கூலன்ட் நிற்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே காற்று புகுந்து சென்சர் காற்றில் நின்றால், என்ஜின் கொதிக்கும்போதும் அது குறைத்துத்தான் சொல்லும். இனிப்பு வாசம், குழாய் மூட்டுகளில் ஈரம், நிலத்தில் சொட்டு இருந்தால் சென்சரை விடுங்கள், அது உண்மையான ஒழுக்கு.

எங்கள் ஊருக்கென்று இரண்டு விஷயம் இருக்கிறது. கிறவல் றோட்டுப் புழுதியும் வைக்கோல் தூசியும் றேடியேற்றர் இடுக்குகளை அடைத்துவிடும். உட்பக்கமிருந்து வெளியே, மெதுவான தண்ணீரில் கழுவினால் போகும். மற்றது கிணற்றுத் தண்ணீர். கேத்திலின் அடியில் படிகிற அதே வெள்ளைச் சுண்ணாம்பு றேடியேற்றருக்குள்ளும் சென்சரின் நுனியிலும் படியும். ஆபத்துக்கு ஒருமுறை ஊற்றலாம், அதையே பழக்கமாக்கக் கூடாது. ஏ9 இல் போகிறவர்கள் எப்படியும் முறிகண்டியில் நிறுத்துவோம். கச்சான் வாங்குகிற நேரத்திலேயே தாங்கியின் அளவையும் பார்த்துவிடலாம்.

சரி, இனித்தான் முக்கியமான சோதனை. காரின் கணினியை வாசிக்கும் ஓபிடி புளூடூத் கருவி ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. ஸ்ரியறிங்குக்குக் கீழே உள்ள 16 முள் துளையில் செருகினால், கைபேசிச் செயலியில் கூலன்ட் வெப்பம் இலக்கமாகவே தெரியும்.

இரவு முழுக்க நின்ற காரில், விடிய, என்ஜினை ஸ்ராட் செய்யாமல் சாவியை மட்டும் ஓனில் போடுங்கள். கூலன்ட் வெப்பம், உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம் ஆகிய இரண்டையும் பாருங்கள். இரவெல்லாம் ஆறிய என்ஜினில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். வன்னியில் விடியற்காலை என்றால் 25, 27 போல. என் காரில் காற்று 27, கூலன்ட் மைனஸ் 40!

ஏன் அப்படி? இந்தச் சென்சரின் மின்தடை குளிரில் கூடும், சூட்டில் குறையும். 20 பாகையில் இரண்டாயிரம் ஓமுக்கு மேல் இருப்பது, 80 பாகையில் சில நூறு ஓமாக இறங்கிவிடும். வயர் அறுந்தால் அல்லது தொடுகை விட்டால் தடை எல்லையில்லாமல் போகும், கணினி அதை மைனஸ் 40 என்று வாசிக்கும். சென்சரை நம்ப முடியாததால் பாதுகாப்புக்காக ஃபானை முழு வேகத்தில் ஓடவிடும், சில வாகனங்களில் சிவப்பு லைற்றையும் போடும். வயர் எங்காவது உரசி ஷோர்ட் ஆனால் எதிர்மாறாக, 130க்கு மேல் காட்டும். அதே செயலி காட்டும் பிழைக் குறியீட்டில் பி0117 என்றால் ஷோர்ட், பி0118 என்றால் தொடுகை அறுந்தது. பி0217 வந்தால் என்ஜினே சூடாகியிருக்கிறது என்று பொருள்.

காலை இலக்கம் சரியாக இருந்தால் ஸ்ராட் செய்து பார்த்துக்கொண்டிருங்கள். 27, 28, 29 என்று ஒவ்வொன்றாக ஏற வேண்டும். 80ஐத் தாண்டி, கூலன்ட்டை றேடியேற்றருக்கு விடும் வால்வான தெர்மோஸ்ரற் திறந்ததும் கொஞ்சம் தயங்கி, 90 அளவில் நிற்கும். தண்ணீர் ஒரு நொடியில் 40 பாகை ஏறாது. ஆகவே 88இல் நின்ற இலக்கம் சட்டென்று 130க்குத் தாவினால் அது வயர்தான். படிப்படியாக 105, 110, 115 என்று ஏறினால் உடனே அணையுங்கள், அது நிஜச் சூடு.

வயர் என்று தெரிந்தால், சாவியை எடுத்துவிட்டு, ஆறிய என்ஜினில் சென்சரின் பிளக்கைக் கழற்றுங்கள். முள்ளில் பச்சைக் களிம்பு இருந்தால் கொன்ராக்ற் கிளீனர் அடித்து, காய்ந்ததும் செருகுங்கள். வயரை எலி கடித்திருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள், நெல் மூட்டைக்குப் பக்கத்தில் கார் நிற்கிற வீடுகளில் இது சாதாரணம். பிறகு சாவியை ஓனில் போட்டு வயரை மெல்ல ஆட்டுங்கள். இலக்கம் துள்ளினால் பழுது அந்த இடத்தில்தான். வயர் நல்லாயிருந்தால் மட்டும் புதுச் சென்சர் வாங்குங்கள்.

கூலன்ட் ஒழுகாமலே குறைகிறது, என்ஜின் ஒயில் பால் கலந்ததுபோல் இருக்கிறது, றேடியேற்றரில் விடாமல் குமிழி வருகிறது என்றால் ஹெட் காஸ்கெற் சந்தேகம் நியாயமானது, கராஜுக்குப் போங்கள். போகும்போது காலை எடுத்த இலக்கங்களைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு போங்கள். "என்ஜினைக் கழற்ற முதல் இதைப் பாருங்கோ அண்ணை" என்று நீட்டினால், நல்ல மெக்கானிக் கட்டாயம் வாங்கிப் பார்ப்பார்.