அமெரிக்கக் கல்லூரி ஸ்குவாஷ் மேட்சைக் கீழ்ப்பாக்கத்திலிருந்து பார்க்க: எந்த மாதத்துக்கு, எப்படிப் பணம் கட்டுவது

என் மகள் ஒன்பது வயதில் சென்னை நேரு பார்க் ஸ்குவாஷ் அகாடமியில் ராக்கெட் பிடித்தவள். இப்போது அமெரிக்காவில் ஒரு கல்லூரி அணிக்கு ஆடுகிறாள். நம்மூர் வேலவன் செந்தில்குமார் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்காக ஆடிய காலத்திலிருந்தே இங்கே பல வீடுகளில் இந்தக் கனவு இருக்கிறது. பிள்ளை அமெரிக்கா போய்விட்டது, மேட்சை எப்படிப் பார்ப்பது என்று அகாடமி வாசலில் என்னிடம் கேட்ட அம்மாக்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் கார்டை எடுக்காதீர்கள். கல்லூரியின் விளையாட்டுத் துறை இணையதளத்தில் அணியின் அட்டவணை இருக்கும். ஒவ்வொரு மேட்சுக்கும் பக்கத்தில் அது எங்கே ஒளிபரப்பாகிறது என்று ஒரு இணைப்பு கொடுத்திருப்பார்கள். இதில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: யாருடைய கோர்ட்டில் ஆடுகிறார்களோ, அவர்கள்தான் கேமரா வைக்கிறார்கள். ஆகவே நம் பிள்ளையின் கல்லூரி எந்த ஸ்ட்ரீமிங்கில் வருகிறது என்று கேட்பது பாதிக் கேள்விதான். வெளியூர் மேட்சுகளுக்கு எதிரணிக் கல்லூரியின் இணைப்பையும் பார்க்க வேண்டும். சில கல்லூரிகள் யூடியூபில் இலவசமாகவே காட்டுகின்றன. ஐவி லீக் கல்லூரிகள் (ஹார்வர்ட், கொலம்பியா போன்ற எட்டு) 2018-லிருந்து ஈஎஸ்பிஎன் நிறுவனத்தின் கட்டண ஸ்ட்ரீமிங்கில் வருகின்றன, ஆனால் அந்தச் சந்தா அமெரிக்காவில் இருப்பவர்களுக்கானது.

இது தெரியாமல் நான் பட்டது போதும். முதல் வருடம் ஒரு தளத்தில் மாதக் கட்டணம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்ததை நம்பிக் கட்டினேன். கார்டில் ஒரு வருடத் தொகை மொத்தமாகப் போனது. உள்ளே போய் மேட்சைத் தொட்டால், உங்கள் நாட்டில் இது கிடைக்காது என்று வந்தது. அன்று இரவு எனக்கு அழுகையே வந்துவிட்டது. பணம் திரும்பக் கிடைக்கவும் இல்லை. அதனால் சொல்கிறேன், உதவிப் பக்கத்தில் எந்தெந்த நாடுகளில் தெரியும் என்று படித்த பிறகு கட்டுங்கள். வேறு நாட்டில் இருப்பதாகக் காட்டும் விபிஎன் போட்டுப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அது பெரும்பாலும் அவர்களுடைய விதிகளுக்கு எதிரானது, கணக்கை முடக்கினால் கட்டியதும் போகும். நான் அதைச் செய்வதில்லை.

அடுத்தது மாதக் கணக்கு. கல்லூரி ஸ்குவாஷ் சீசன் நவம்பர் நடுவில் தொடங்கி மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. நடுவில் டிசம்பர் பாதியில் தேர்வு, பிறகு விடுமுறை. ஜனவரியில்தான் மறுபடி சூடு பிடிக்கும். வருடச் சந்தா மலிவு என்று தோன்றும், ஆனால் வருடத்தில் எட்டு மாதம் அதில் நமக்கு ஒன்றுமில்லை. சமையலறை காலண்டரில் மேட்ச் தேதிகளை எழுதி, எது இலவசம், எது எந்தத் தளம் என்று பக்கத்திலேயே குறித்துவிடுவேன். போன வருடம் அப்படிப் பார்த்தபோது மொத்த சீசனுக்கும் இரண்டே மாதச் சந்தா போதுமாக இருந்தது: பொங்கலுக்கு அப்புறம் ஒன்று, பிப்ரவரியில் ஒன்று.

சரி, இப்போது கார்டு. வெளிநாட்டுத் தளங்களில் நம் யூபிஐ பெரும்பாலும் எடுபடாது. விசா அல்லது மாஸ்டர்கார்டு இருந்தால் நல்லது, ரூபே கார்டைப் பல தளங்கள் ஏற்பதில்லை. 2020 மார்ச்சிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே வருகிறது, நாம்தான் திறக்க வேண்டும். வங்கி ஆப்பில் கார்டுகள் பகுதிக்குப் போய், வெளிநாட்டுப் பயன்பாடு, ஆன்லைன் பயன்பாடு இரண்டையும் திறந்து, வரம்பைச் சந்தாத் தொகைக்குக் கொஞ்சம் மேலே மட்டும் வையுங்கள். பல வெளிநாட்டுத் தளங்கள் ஓடிபி கேட்காமலே பணத்தை எடுத்துவிடும், அதனால் கட்டி முடித்ததும் திரும்ப மூடிவிடுங்கள். முகவரி கேட்டால் உங்கள் சென்னை முகவரியையே கொடுங்கள்.

தளத்தின் ஆப் இங்கே பிளே ஸ்டோரில் கிடைத்து, அதற்குள்ளேயே சந்தா கட்ட வழி இருந்தால் இன்னும் சுலபம். அங்கே யூபிஐ ஆட்டோபே வேலை செய்யும்.

டாலர் விலையை ரூபாயாக்கிப் பார்க்கும்போது வெளிநாட்டுப் பணத்துக்கு வங்கி மேலே போடும் மார்க்கப் கட்டணத்தை மறக்காதீர்கள். டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 20 டாலர் 1,800 ரூபாய். 3.5 சதவீத மார்க்கப் 63 ரூபாய், அந்த 63-க்கு 18 சதவீத ஜிஎஸ்டி 11 ரூபாய் சொச்சம். ஆக 1,874 ரூபாய். சில கார்டுகளில் மார்க்கப் 2 சதவீதம்தான், வீட்டில் இருக்கும் கார்டுகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கட்டிய அன்றே அடுத்த மாதப் புதுப்பித்தலை ரத்து செய்துவிடுவேன். வழக்கமாக, ரத்து செய்தாலும் கட்டிய மாதம் முடியும் வரை பார்க்கலாம். அது அங்கே எழுதியிருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். இந்திய கார்டுகளில் 2021 அக்டோபரிலிருந்து தானாகப் பிடிக்கும் தொகைக்கு 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் அனுப்ப வேண்டும். அதை நம்பி உட்கார வேண்டாம். தளத்தில் ரத்து செய்து, உறுதி மெயிலைச் சேமித்து, வங்கி ஆப்பில் ஆட்டோபே பட்டியல் இருந்தால் அங்கேயும் நீக்கிவிடுங்கள்.

நேரக் கணக்கில் எல்லாருமே ஒருமுறையாவது தவறவிடுகிறோம். நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை அமெரிக்கக் கிழக்குக் கரையை விட நாம் பத்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அங்கே சனி மதியம் 1 மணி மேட்ச் என்றால் நமக்குச் சனி இரவு 11.30. வெள்ளி மாலை 6 மணி என்றால் நமக்குச் சனி விடியற்காலை 4.30. நவம்பர் மழையில் கரண்ட் போனால் மோடமும் நின்றுவிடும், போனில் டேட்டா இருக்கட்டும்.

கடைசியாக, மேட்சுக்கு முன் பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்: அணி வரிசையில் எத்தனையாவது இடம், எந்த கோர்ட்? ஒரு அணிக்கு ஒன்பது பேர் ஆடுவார்கள், ஐந்து பேர் ஜெயித்தால் அணி ஜெயித்தது. பல இடங்களில் ஒவ்வொரு கோர்ட்டுக்கும் தனி வீடியோ, வர்ணனை கிடையாது, கண்ணாடிக்குப் பின்னால் அசையாத ஒரு கேமரா. நான் இருபது நிமிடம் வேறு யாரோ ஒரு பெண்ணுக்காகக் கைதட்டியிருக்கிறேன். வீடியோவே கிடைக்காத மேட்சுகளுக்கு கிளப்லாக்கர் தளத்தில் ஸ்கோர் இலவசமாக வரும். போன பிப்ரவரியில் கடைசியான ஐந்தாவது கேமில் 9–9 வரை அப்படி எண்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம், நானும் என் மாமியாரும், விளக்கைப் போடாமல்.