மேலவீதியை நடந்து தெரிந்துகொள்ள

தஞ்சாவூர் வருகிறவர்கள் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். மேலவீதிக்கும் ஒரு காலைப்பொழுது ஒதுக்குங்கள். இந்தப் பக்கத்துத் தெருக்களில் தபால் கொடுத்தே ஓய்வு பெற்றவன் நான், வழி சொல்கிறேன்.

விடிந்ததும் மூலை ஆஞ்சநேயர் கோயிலிலிருந்து கிளம்புங்கள். வடக்குவீதியும் மேலவீதியும் சேருகிற இடம் அது. கடை திறந்துவிட்டால் பெயர்ப்பலகைதான் தெரியும், வீடு தெரியாது. தெற்கே பார்த்து நின்று வீதியின் அகலத்தைக் கவனியுங்கள். தேர் ஓடுகிற வீதி இது. பெரிய கோயில் தேர் நூறு வருஷம் போல ஓடாமல் இருந்து, 2015-இல்தான் புதுத்தேர் நாலு வீதியும் சுற்றி வந்தது.

தெற்கே நடந்தால் பங்காரு காமாட்சி கோயில். தங்கத்தாலான இந்த அம்மனைப் படையெடுப்புக்குப் பயந்து காஞ்சிபுரத்திலிருந்து கொண்டுவந்தார்கள். மராட்டிய அரசர் இங்கே இடம் கொடுத்தார். கூடவே வந்த பூசகர் குடும்பத்தில் பிறந்தவர்தான் சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரி (1762–1827).

அப்புறம் சந்துகளுக்குள் போங்கள். என்னைக் கேட்டால் அதுதான் முக்கியம். திண்ணையில் பாதியை இடித்து வண்டி ஏற்றச் சரிவு போட்டிருப்பார்கள். மிச்சப் பாதியில் சாய்ந்துகொள்ளக் கட்டிய திண்டு இருக்கும். சிமெண்ட் பெயர்ந்த இடத்தில் சுண்ணாம்புக் காரையும் மெல்லிய பழைய செங்கல்லும் தெரியும். வீட்டாரிடம் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

பெரியவர்கள் யாராவது உட்கார்ந்திருந்தால், "இங்கே வரலாறு என்ன?" என்று ஆரம்பிக்காதீர்கள், பேச்சு அதோடு நின்றுவிடும். "அந்தக் காலத்தில் தண்ணீர் எங்கே எடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். கொல்லைக் கிணற்றில் தொடங்கி அய்யன்குளத்துக்குப் பேச்சு போகும். செவப்பநாயக்கன் ஏரியில் சேர்ந்த மழைநீர் சிவகங்கைக் குளத்துக்கு வந்து, அங்கிருந்து நிலத்தடிக் குழாய் வழியாக அய்யன்குளத்துக்கு ஓடியது. நாயக்கர் காலத்து ஏற்பாடு. குளத்தை அவசியம் பார்த்துவிட்டு வாருங்கள்.

நன்றாகப் பழகியபின் மூலப்பத்திரம் இருக்கிறதா என்று விசாரிக்கலாம். அதில் செக்குபந்தியை, அதாவது நாலு பக்கத்து எல்லை விவரத்தை மட்டும் படித்தாலே போதும். கிழக்கே இன்னார் மனை, மேற்கே பொதுச்சந்து, வடக்கே இன்னார் கிணற்றுச்சுவர் என்று அன்றைய தெருவே அதில் இருக்கும். நாலைந்து வீட்டுப் பத்திரங்களை ஒட்டிப் பார்த்தால் யார் யாருக்குப் பக்கத்தில் குடியிருந்தார்கள், எந்தக் கிணறு தூர்ந்தது, எந்தச் சந்து அடைபட்டது என்று புரிந்துவிடும். ஜெராக்ஸ் கேட்காதீர்கள். எதிரிலேயே உட்கார்ந்து குறித்துக்கொண்டு, மடிப்புக் கிழியாமல் கையில் திருப்பிக் கொடுங்கள்.