ஏ.சி. பைப்பைக் கழற்றும்போது இரண்டாவது ஸ்பேனர் எங்கே?

ஏற்காட்டுத் தோட்டத்துக் கொட்டகை ஒன்றில் பல மழைக்காலங்களைக் கழித்த கான்டெஸா கார் அது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் லாரி மேல் இறங்கி, சேலத்தில் உள்ள எங்கள் பட்டறைக்குப் போன வாரம் வந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் பானெட்டைத் திறந்தான், ஏ.சி. பைப்பின் நட்டில் ஒரு ஸ்பேனரை மாட்டினான், உடம்பைச் சாய்த்து இழுக்கத் தொடங்கினான். ஓடிப்போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இப்படித்தான் நின்றேன். அன்று என் மணிக்கட்டைப் பிடிக்க யாரும் இல்லை.

அளவு தவறிய ஸ்பேனர், கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் குனிவது போன்றவற்றை எந்தப் பட்டறையிலும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். ஏ.சி. பைப்பைக் கழற்றும்போது நடக்கும் மற்ற தவறுகள் இவை.

கேஸை எடுக்காமல் நட்டைத் தொடுவது

பழைய கார்களின் ஏ.சி.யில் இருப்பது பெரும்பாலும் ஆர்-12 என்ற குளிரூட்டும் கேஸ். அது மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதிக்கும். விரலில் பீறிட்டால் சதை உறைந்துவிடும். ஓசோன் படலத்தை அரிப்பதால் 2010 முதல் இந்தியாவில் இதன் உற்பத்தியே இல்லை. கேஸ் மீட்கும் இயந்திரம் வைத்திருப்பவரிடம் கொடுத்து முழுவதும் எடுத்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

ஒரே ஸ்பேனரால் இழுப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

இணைப்பில் இரண்டு பாதிகள் உண்டு. ஒன்று சுழல வேண்டிய நட்டு. மற்றொன்று அசையவே கூடாத அறுகோணம். அது கூலிங் காயிலிலிருந்து வரும் மெல்லிய குழாயின் நுனியில் இருக்கிறது. இரும்பு நட்டும் அலுமினிய மரையும் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். அந்தப் பொடி மரைக்குள் ஆப்பு வைத்ததுபோல் இறுகிவிடும். ஏற்காட்டு மூடுபனியில் நின்ற காருக்கு ஈரத்துக்கு என்ன குறை? அந்த நிலையில் ஒற்றை ஸ்பேனரால் இழுத்தால் உங்கள் பலம் முழுவதும் குழாய்க்குப் போகிறது. நட்டு இளகியதுபோல் கையில் இதமான ஓர் அசைவு தெரியும். உண்மையில் முறுக்கிக்கொள்வது குழாய்தான்.

என் கையில் அப்படி முறுக்கியது ஒரு வாடிக்கையாளரின் கார். காயிலை வெளியே எடுக்க டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டியிருந்தது. இரண்டு நாள் போனது. வெயிலில் காய்ந்திருந்த பிளாஸ்டிக் மூலைகள் உடைந்தன. அந்த மாடலுக்குக் காயில் கேட்டு செவ்வாய்ப்பேட்டையில் தொடங்கி கோயம்புத்தூர் வரை அலைந்தேன். கிடைக்கவில்லை. வேறொரு காரின் காயிலை வாங்கி, பெட்டியை வெட்டித்தான் பொருத்தினேன். செலவு என்னுடையது. காருக்குச் சொந்தக்காரர் ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இரண்டு ஸ்பேனர்களையும் நெருக்கமான கோணத்தில் மாட்டி, ஒரே கைக்குள் குறடு அழுத்துவதுபோல் சேர்த்து நெருக்குங்கள். ஒன்றின் விசையை மற்றொன்று வாங்கிக்கொள்ளும். குழாய்க்கு எதுவும் போகாது.

இதைக் கற்றவர்களும் ஒன்றில் சறுக்குகிறார்கள். நட்டு மரையில் மட்டுமல்ல, தன் சொந்தப் பைப்பின் மீதும் பிடித்துக்கொள்ளும். நட்டிலும் அதன் பின்னால் உள்ள பைப்பிலும் சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். நட்டு திரும்பும்போது கோடு இரண்டாகப் பிரிய வேண்டும். பிரியாமல் சேர்ந்தே திரும்பினால் உடனே நிறுத்துங்கள். துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு காத்திருந்து, துளி முன்னே, துளி பின்னே என்று அசைத்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் நட்டை நீளவாக்கில் ரம்பத்தால் கீறி எடுங்கள். நட்டு மாட்டியிருக்கும் ஹோஸ் பக்கம் பாழானால் பாழாகட்டும். ஹோஸை அளவெடுத்துப் புதிதாகச் செய்துகொள்ளலாம்; அந்தக் காயிலுக்கு எங்கே போவீர்கள்?

தீயைக் காட்டுவது

இரும்பு சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் நிறம் காட்டாமலே 660 டிகிரியில் உருகிச் சரியும். மிச்சமிருக்கும் ஆர்-12 தீயில் பட்டால் பாஸ்ஜீன் போன்ற நச்சு வாயுக்கள் எழும். இன்னொன்றையும் கவனியுங்கள்: அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். வெளியே இரும்பு நட்டு, உள்ளே அலுமினிய மரை என்றால், இரண்டும் சேர்ந்து சூடாகும்போது பிடி மேலும் இறுகும். வெளியே அலுமினியம், உள்ளே இரும்பு என்றால் வெந்நீரில் நனைத்த துணியே உதவும்.

இணைப்பில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓரிங்கைப் பழையதாகவே திரும்பப் போடுவது

கூடாது.

திறந்த வாயை அப்படியே விடுவது

காற்றின் ஈரம் உள்ளே போகும். ஆர்-12க்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ கேஸுக்கு மாற்றிய கார்களின் கம்ப்ரஸருக்கு ஊற்றும் பேக் (PAG) வகை எண்ணெய் ஈரத்தை மிக வேகமாக உறிஞ்சும். கழற்றிய கையோடு இரண்டு வாய்களையும் மூடியால் அடைத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் டிரையரைப் புதிதாக மாற்றாமல் கேஸ் ஏற்றாதீர்கள்.

அந்தக் கான்டெஸாவின் நட்டு மூன்றாம் நாள் காலையில் இளகியது. இரண்டு ஸ்பேனர்களையும் பிடித்திருந்தவன் அதே பையன். சாக்பீஸ் கோடு பிரிந்ததை என்னிடம் காட்டிவிட்டு, நான் சொல்வதற்கு முன்பே மூடியை எடுக்கப் போனான்.